ஓடுகிற கணினிக்கு ஓய்வு கொடுப்பது யார்?

கோயமுத்தூர் காந்திபுரத்தில், பேருந்து நிலையத்தின் இரைச்சல் சற்றே தேய்ந்து கேட்கும் ஒரு குறுக்குச் சந்தில், கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அச்சிட்டுப் பிழைக்கும் சிறு அச்சகம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னறையில், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த ஹைடல்பர்க் இயந்திரம், எழுத்துக் கோத்து அச்சிடும் தொழிலே மறைந்துபோன பிறகும், பில் புத்தகங்களுக்கு எண் போடவும் அட்டைகளுக்கு மடிப்புக் கோடு இழுக்கவும் பயன்பட்டுக்கொண்டு, எண்ணெய் மினுமினுப்புடன் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளறையில், 2006-ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினி ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தையும் பேஜ்மேக்கர் மென்பொருளையும் சுமந்துகொண்டு, அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டில் வயதில் இளையது கணினிதான். ஆயினும் உலகத்தார் கணக்கில் செத்துப்போனதும் அதுவே. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. “மிஷினு நல்லாத்தானுங்க ஓடுது; அவங்கதான் கையக் கழுவிட்டாங்க” என்று அச்சகத்துக்காரர் சொன்னபோது, அவர் குரலில் கோபத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது.

அந்த வியப்பைத்தான் இக்கட்டுரை விசாரிக்க முற்படுகிறது. கெடாத ஒரு யந்திரம், அதைச் செய்தவரோ அதற்கான இயங்குதளத்தை எழுதியவரோ தம் தேசத்தில் இருந்துகொண்டு வெளியிடும் ஓர் அறிவிப்பினால், இங்கே உபயோகமற்றதாகிவிடுவது எப்படி நியாயமாகும் என்ற கேள்வி, 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10 பதிப்பின் ஆதரவு முடிந்தபோது, அச்சகம், ஆடிட்டர் அலுவலகம், பள்ளிக்கூடம், நூற்பாலை என்ற பேதமின்றிக் கொங்கு நாட்டின் வீதிகள் எல்லாவற்றிலும் ஏககாலத்தில் எழுந்தது. அதற்குப் பதில் சொல்பவர்களில் ஒரு சாரார் இதை வெறும் வியாபாரச் சூழ்ச்சி என்பர். மற்றொரு சாரார் இது விஞ்ஞான வளர்ச்சியின் தவிர்க்க முடியாத விளைவு என்பர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதும், பாதி உண்மைகளை வைத்துக்கொண்டு பணம் செலவழிப்பது விவேகமாகாது என்பதும் என் அபிப்பிராயம்.

கேள்வி கொங்கு நாட்டில் இத்தனை உறுத்தலாக எழுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவ்வூரில் மின் மோட்டாரை உருவாக்கிய காலம் தொட்டு, யந்திரத்தை வாங்குவது ஒரு காரியம், அதை வாழவைப்பது மற்றொரு காரியம் என்ற ஞானம் இந்த வட்டாரத்தின் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. கிணற்று மோட்டாரின் காயில் கருகிவிட்டதா, அவிநாசியிலோ பல்லடத்திலோ உள்ள காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனால் ஓரிரு நாளில் செம்புக் கம்பி சுற்றி வார்னிஷ் பூசித் தந்துவிடுவார்கள். புஷ் தேய்ந்ததா, லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். இம்பெல்லர் உடைந்ததா, கணபதிப் பக்கத்து வார்ப்படச் சாலையில் பழையதையே மாதிரியாக வைத்து வேறொன்று வார்த்துக்கொள்ளலாம். மோட்டாரைச் செய்த கம்பெனி இருக்கிறதா, மூடிவிட்டதா என்று தோட்டத்துக்காரர் கேட்பதே இல்லை. பொருளை விற்றவனுடைய ஆயுளுக்கும் பொருளின் ஆயுளுக்கும் சம்பந்தம் இல்லை என்பதே, எழுதி வைக்கப்படாவிட்டாலும், இங்கே நிலவிய சட்டம்.

கணினியும் ஒரு வரம்புவரை இந்தச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் வாழ்ந்தது. அதன் எஸ்.எம்.பி.எஸ். எரிந்தால் வேறொன்று மாட்டினோம். மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பினால் சால்டரிங் வைத்து மாற்றினோம். மின்விசிறி முனகினால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம். ராம் போதாவிட்டால் செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கிச் செருகினோம். இரும்பும் செம்பும் சிலிக்கானுமாக இருந்த பாகம் எதுவாயினும் நம் பட்டறைக்கு அது வசப்பட்டது. வசப்படாத பாகம் ஒன்றே ஒன்று, அதுவும் கண்ணுக்குத் தெரியாத பாகம்: இயங்குதளம். அது தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை; ஆனால் நாள் ஒன்று குறித்து வைத்தாற்போல் அது மாண்டுபோகிறது. லேத்தில் கடைய முடியாத உதிரிப்பாகம் ஒன்றை நம் தொழிலின் மையத்தில் வைத்துக்கொண்டோம் என்பதை, அது தீர்ந்துபோகும் நாளில்தான் நாம் உணர்கிறோம்.

ஆதரவு என்ற சொல்லின் பொருளைச் சிறிது விரித்துப் பார்ப்பது அவசியம். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு நிரலில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று, அடைப்பு நிரல்களாக மைக்ரோசாஃப்ட் அனுப்பிவைக்கிறது. ஆதரவு நின்றது என்றால் இந்த மாதாந்தரத் திருத்தம் நின்றது என்று பொருள். அன்றைக்கே கணினி நின்றுவிடுவதில்லை. மறுநாள் காலையிலும் அது வழக்கம்போல் விழித்துக்கொள்ளும். ஆனால் புதிய பதிப்புக்கென வெளியாகும் ஒவ்வொரு திருத்தமும், அதை ஆராய்ந்து பார்க்கும் கள்வனுக்குப் பழைய பதிப்பில் எந்த இடத்தில் அதே ஓட்டை திறந்து கிடக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அடுத்த வீட்டுக்காரன் தன் பின்வாசலை அடைப்பதைப் பார்த்து நம் வீட்டுப் பின்வாசலும் திறந்தே இருக்கும் என்று திருடன் ஊகிப்பதைப் போன்றது அது.

இது முதல் மரணம். இரண்டாம் மரணம் உலாவியின் மூலமாக வருகிறது. கூகுள் நிறுவனத்தின் குரோம் உலாவி, 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அதன் பிறகு வங்கித் தளமும் வரித் தளமும் ஒவ்வொன்றாக முகம் சுளிக்கத் தொடங்கும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்தே ஆகவேண்டிய திருப்பூர்ப் பின்னலாடைச் சிறு முதலாளிக்கு, இயங்குதளத்தின் மரணத்தைவிட உலாவியின் மரணமே கொடிது. மூன்றாவது மரணம், புதிதாக வாங்கிய பிரிண்டருக்கான டிரைவர் பழைய இயங்குதளத்துக்குக் கிடைக்காமற் போவது. கணினியைக் குப்பையில் சேர்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் மூன்றாம் மரணங்களே. முதல் மரணத்தை நம்மவர்கள் பொருட்படுத்துவதே அபூர்வம்.

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். எக்ஸ்பி 2001 அக்டோபரில் பிறந்து 2014 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ் 7, 2009 அக்டோபர் முதல் 2020 ஜனவரி 14 வரை வாழ்ந்தது. விண்டோஸ் 10, 2015 ஜூலை 29-இல் வந்து 2025 அக்டோபரில் சென்றது. பத்திலிருந்து பன்னிரண்டரை ஆண்டுவரை ஆயுள் என்பது, கேட்பதற்குக் குறைவாகத் தோன்றவில்லை. ஆனால் இந்த ஆயுள் பதிப்பு வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறதே அன்றி, நாம் கணினி வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் 2018-ஆம் ஆண்டு ஆடித் தள்ளுபடியில், அதற்கு முந்திய தலைமுறைச் சில்லு பொருத்திய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தால், அவருக்குக் கிடைத்த ஆயுள் ஏழே ஆண்டு. மாத்திரை அட்டையிலும் பால் பாக்கெட்டிலும் முடிவுத் தேதி அச்சிட்டிருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய்க் கணினியில் அது இல்லை.

முந்தைய பதிப்புகள் மாறியபோது பழைய கணினி மெதுவாகவேனும் புதியதை ஏற்றுக்கொண்டது. எக்ஸ்பி ஓடிய பெட்டியில் ஒரு ராம் கூட்டி விண்டோஸ் 7 போட்டவர்கள் அநேகர். 2021 அக்டோபர் 5-இல் வெளியான விண்டோஸ் 11 அந்த வழக்கத்தை முறித்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், நான்கு ஜி.பி. நினைவகம் வேண்டும், இன்டெல் சில்லாயின் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை, அதாவது 2017-இன் பிற்பகுதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்று வாசலிலேயே விதி எழுதிவைத்தது. கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், இவ்விதியினால் உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் கழிவாகக்கூடும் என்று 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. மதிப்பீடு மதிப்பீடுதான்; அத்தனையும் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிடப் போவதில்லை. ஆயினும் விதியின் அளவு எத்தகையது என்பதை அந்த எண் காட்டுகிறது.

புதுப் பதிப்பை எதிர்ப்பவர்கள் மறந்துவிடும் ஒன்றைக் கோயமுத்தூரை முன்வைத்தே சொல்லலாம். 2010 ஜூன் 23 முதல் 27 வரை இந்நகரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, யூனிகோடு முறையைத் தமிழக அரசின் நியமமாக ஏற்கும் அரசாணை வெளியிடப்பட்டது. அந்த யூனிகோடுத் தமிழ் எழுத்துகளைக் கொம்பும் காலும் இடம் மாறாமல் திரையில் காட்டும் திறமை விண்டோஸ் குடும்பத்துக்கு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கிட்டியது. விண்டோஸ் 98-ஐக் கைவிட மாட்டேன் என்று இருந்தவர் தம் தாய்மொழியைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே இயங்குதளம் புதுப்பித்தல் என்பதே வஞ்சனை என்று சாதிப்பது, தமிழன் வாயில் வரக்கூடாத வாதம்.

ஆனால் அதே நகரில், நான் முதலில் சொன்ன அச்சகத்தின் உள்ளறையில், அரசாணை பிறந்து பதினைந்து ஆண்டு கழிந்த பின்னும், யூனிகோடு நுழையவில்லை. ஏன் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்ததோடு சரி. அதற்கு யூனிகோடுத் தமிழ் தெரியாது. எழுத்துருக்கள் எல்லாம் தனித்தனிக் குறியீட்டு முறையைச் சேர்ந்தவை. அவற்றைத் திறக்க, கணினியின் முதுகில், இப்போதைய மடிக்கணினி எதிலும் காணமுடியாத அகன்ற பிரிண்டர் துளையில், தீப்பெட்டி அளவில் ஒரு லாக் செருகியிருக்கிறது. அதைப் பிடுங்கினால் எழுத்துரு மென்பொருள் திறக்காது. வன்தட்டில் இருபது ஆண்டுப் பத்திரிகைகள் ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மூத்த மகளின் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையை இளைய மகளுக்காக எடுத்து, பெயர்களையும் முகூர்த்தத்தையும் மாற்றி, குலதெய்வத்தின் பெயரையும் பங்காளிகளின் வரிசையையும் அப்படியே விட்டுவிடுவதில் அவருக்கு அரைமணி நேரந்தான் ஆகிறது. வேலை முடிந்ததும் பி.டி.எஃப். ஆக்கி, பென்டிரைவில் ஏற்றி, வாசலில் மகன் வைத்திருக்கும் புது மடிக்கணினிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பழைய கணினியில் இணையக் கம்பி கிடையாது. அதைப் பிடுங்கி எட்டு வருஷமாயிற்று என்றார். தமக்குத் தெரிந்தோ தெரியாமலோ, பாதுகாப்பு நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதும் உபாயத்தை அவர் ஒரு கம்பியைப் பிடுங்கிச் சாதித்துவிட்டார்.

கம்பியைப் பிடுங்காதவர்கள் பட்ட கதையும் உண்டு. 2017 மே மாதம் 12-ஆம் தேதி வானாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தத்தளித்தன. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வெளியிடும் நிலைக்கு மைக்ரோசாஃப்ட் வந்தது. ஆனால் அன்று அதிகம் பாதிக்கப்பட்டது எக்ஸ்பி அன்று. இரண்டு மாதம் முன்பே வெளியாகிவிட்ட திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகளே. மருந்து கிடைக்காததால் ஒருவனும், கிடைத்த மருந்தை உண்ணாததால் மற்றொருவனும் கெட்டார்கள் என்றால், வைத்தியனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம் ரிசர்வ் வங்கியும் அதற்கு அடுத்த ஆண்டு விழித்துக்கொண்டது: ஏ.டி.எம். இயந்திரங்களில் எக்ஸ்பி முதலிய ஆதரவற்ற இயங்குதளங்களைப் படிப்படியாக நீக்கி, 2019 ஜூனுக்குள் முற்றிலும் மாற்றிவிட வேண்டும் என்று 2018 ஜூனில் வங்கிகளுக்கு ஆணையிட்டது. ஆதரவு முடிந்தபின் ஐந்து ஆண்டு நாம் எல்லோரும் அந்த இயந்திரங்களில்தான் பணம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவும் புதுப்பித்தலின் பக்கம் நிற்கும் நியாயங்கள். இனி மறுபக்கத்தின் வலுவான சாட்சியைக் கூப்பிடுகிறேன். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று வீட்டுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சொல்லப்பட்டதே, அதே விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பு, கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கென விற்கப்படுவது, 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் பெற்றுக்கொண்டிருக்கும். அலுவலகங்கள் காசு கொடுத்தால் 2028 அக்டோபர் வரை திருத்தம் நீட்டிக்கப்படும். முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அதன்பின் ஆண்டுதோறும் இரட்டிப்பு. வீட்டு உபயோகக் கணினிக்கு 30 டாலர் கட்டியோ, தன் அமைப்புகளை அந்நிறுவனத்தின் சேமிப்பகத்தில் ஏற்றி வைத்தோ, ஓர் ஆண்டு தவணை வாங்கலாம். எக்ஸ்பி விஷயத்திலும் இதுவே நடந்தது: கடைக் கல்லா இயந்திரங்களுக்கான எக்ஸ்பி வகைப் பதிப்பு ஒன்றுக்கு 2019 ஏப்ரல் வரை திருத்தம் வந்துகொண்டிருந்தது. ஓட்டையை அடைக்கும் கொல்லனும் இருக்கிறான், உலையும் எரிகிறது, அடைப்பும் மாதந்தோறும் தயாராகிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் தீர்மானம் நடக்கிறது. முடியாமை வேறு, மனமின்மை வேறு. விண்டோஸ் 10-இன் கதை இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆப்பிள் நிறுவனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் அதன் கணினிகளை வைத்திருப்போர் விளம்பர வடிவமைப்பாளரும் திரைப்படத் தொகுப்பாளருமாகச் சிலரே. இன்டெல் சில்லு பொருத்திய மேக் கணினிகளுக்கு 2025-இல் வெளிவந்த டஹோ பதிப்பே கடைசி என்று அது ஓராண்டு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. வெட்டு அதேதான், ஆனால் அறிவித்துவிட்டு வெட்டுகிறார்கள்.

கொங்கு நாட்டின் விசேஷப் பிரச்சினை மேசைக் கணினியில் இல்லை. இயந்திரத்தோடு பிணைந்த கணினியில் இருக்கிறது. குறிச்சி சிட்கோவிலும் கணபதியிலும் உள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குள் சென்றால், இருபது ஆண்டுக்கு முன் பல லட்சம் கொடுத்து வாங்கிய சி.என்.சி. இயந்திரத்தின் அருகில், இரும்புத் தூள் படிந்த மூடிக்குள் ஒரு பழைய கணினி அமர்ந்திருக்கும். கடைசலுக்கான நிரலை ஒன்பது ஊசிச் சீரியல் துளை வழியாக இயந்திரத்துக்கு ஊட்டுவதே அதன் ஒரே தொழில். நூற்பாலைச் சோதனைக் கூடத்தில் நூலின் சமச்சீரை அளக்கும் உஸ்டர் கருவியோடும், லாரி எடை மேடையோடும், திருப்பூர் எம்பிராய்டரிப் பட்டறையோடும் இவ்விதமே ஒரு பழைய கணினி ஒட்டிக்கொண்டிருக்கும். கணினியின் விலை இருபதாயிரம். அதை மாற்றினால் கூடவே மாற்ற வேண்டிய கருவியின் விலை அதைப்போல் பன்மடங்கு. அந்தக் கருவியின் மென்பொருளைப் புதிய விண்டோஸுக்கு எழுதித்தர, செய்த கம்பெனிக்குப் பல சமயங்களில் அக்கறை இராது. எழுதியவரே வேலையை விட்டுப் போயிருப்பார். ஆகவே பட்டறைக்காரர் உக்கடத்துக்கும் ஏலத்துக்கும் அலைந்து, அதே காலத்து மதர்போர்டுகள் இரண்டு மூன்றை வாங்கி, மிளகாய் மூட்டையைப் பத்திரப்படுத்துவதுபோல் பரணில் போட்டு வைக்கிறார். இதைப் பிற்போக்கு என்று நகைக்கும் மென்பொருள் விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். மூலதனத்தை அதன் முழு ஆயுளுக்கும் உழைக்க வைக்கும் சிக்கனத்துக்குப் பிற்போக்கு என்று பெயரில்லை. அந்தக் கணினியை இணையத்தில் கோக்காமல், வெளியாரின் பென்டிரைவைச் சோதிக்காமல் செருகாமல் இருந்தால் போதும். இயங்குதளத்தின் மரணம் அதைத் தீண்டாது. ஆபத்து எங்கே வருகிறதென்றால், அதே பெட்டியில் பட்டறைக்காரர் மாலையில் மெயிலும் பார்க்கத் தொடங்கும்போதுதான்.

மாணவர்களின் மடிக்கணினி வேறு வகை. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், பிற்காலத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய ஒரு விதையைத் தன்னுள் கொண்டிருந்தது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்த்துப் போடப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007 முதல் வெளியிட்டுவரும் திறந்த நிரல் இயங்குதளம். டெபியன் என்ற உலகளாவிய தொண்டர் குழுவின் படைப்பை அடித்தளமாகக் கொண்டது. அதற்கு முன்பே, சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த காலத்தில், அந்நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தது. முதல் தவணை மடிக்கணினிகளில் இரண்டு ஜி.பி. நினைவகந்தான், விண்டோஸ் 11 கேட்பது அதைப்போல் இரு மடங்கு. விண்டோஸ் வழியில் அவற்றின் காலம் முடிந்துவிட்டது. லினக்ஸ் வழியில் அவற்றில் பல இன்றும் பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் போதுமானவை. ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராம வீடுகளில் விசாரித்தால், கணினியைத் திறந்ததும் தோன்றும் இரண்டு பெயர்களில் இரண்டாவதை ஒருநாளும் தொட்டதில்லை என்பார்கள். அதைத் தொடும்படி எந்த வகுப்பிலும் அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. வாளையாறு தாண்டினால் காட்சி வேறு: கேரளப் பள்ளிக்கூடங்களில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது, அதற்கான பதிப்பைக் கைட் என்ற அரசு நிறுவனம் மலையாளத்தோடு சேர்த்துத் தயாரித்து, காலந்தோறும் புதுப்பித்து அளிக்கிறது. விதை இரு பக்கமும் ஒன்றே. அங்கே தண்ணீர் பாய்ச்சினார்கள்.

இதனால் லினக்ஸ் சாகாவரம் பெற்றது என்று எண்ணிவிடலாகாது. 1980-களின் 386 சில்லுக்கான இடத்தை லினக்ஸின் மூல நிரலிலிருந்தே 2012-ஆம் ஆண்டின் இறுதியில் எடுத்துவிட்டார்கள். உபுண்டு 2017-இல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் தட்டை நிறுத்தியது. பாஸுக்கு மூலமான டெபியனே, 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில், 32-பிட் இன்டெல் கணினிகளில் புதிதாக நிறுவும் வழியை அடைத்துவிட்டது. அங்கே காரணம் வியாபாரம் இல்லை. பழைய சில்லில் சோதித்துப் பார்க்க ஆளில்லை, ஆர்வலர்கள் அலுத்துப்போனார்கள். பேதம் என்னவென்றால், மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால், வேண்டுமென்பவன் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆன்டிஎக்ஸ் போன்ற சிறு குழுக்கள் அவ்விதம் 32-பிட் பெட்டிகளை இன்னும் ஓட்டுகின்றன. கம்பெனி மூடிய பின்னும் இம்பெல்லரை வார்த்துக்கொள்ளும் நம் வார்ப்படச் சாலைக்கு மென்பொருள் உலகில் நேர் சமானம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மென்பொருளை நியாயமாகப் பெற்றிருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தும் பொருட்டு அதைப் பிரதி செய்யவும் தழுவி மாற்றவும் அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது, மூல நிரல் கையில் இல்லை. திருகாணியைக் கழற்றலாம் என்று ஆணையிட்டுவிட்டு, திருப்புளியைப் பூட்டி வைத்ததைப் போன்ற நிலை இது. மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென 2022-இல் ஏற்பாடுகள் தொடங்கியது நல்ல காரியமே. ஆயினும் அது உதிரிப்பாகம், கையேடு, சேவை நிலையம் என்ற அளவிலேயே பெரிதும் சிந்திக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், 2025 ஜூன் 20 முதல், கைபேசி விற்பவர் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இயங்குதளத் திருத்தம் தரவேண்டும் என்று விதித்திருக்கிறது. பிரிட்டன், இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளை விற்பவர் எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவார் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே தீரவேண்டும் என்று 2024 ஏப்ரலில் சட்டத்தை அமலாக்கியது. ஆயுளை நீட்டாவிட்டாலும் ஆயுளைச் சொல் என்னும் இந்த இரண்டாவது விதி எளிமையானது. நம் நாட்டுக்கு உடனே பொருந்தக்கூடியது.

இன்று விண்டோஸ் 10 கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கேட்கும் வாசகருக்கு ஒன்று சொல்வேன். வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் பார்க்கும் கணினியாயின், தவணை வாங்குங்கள், அல்லது லினக்ஸுக்கு மாறுங்கள், இரண்டும் இயலாதாயின் அந்த வேலைக்கு மட்டும் ஒரு புதுக் கணினி வாங்கிக்கொள்ளுங்கள். டாலிக் கணக்குக்காக விண்டோஸை விட முடியாதவர்கள் நம் ஊரில் அநேகர், அவர்கள் லினக்ஸ் பேச்சைக் கேட்டுத் தடுமாற வேண்டியதில்லை. இயந்திரத்தோடு பிணைந்த கணினியாயின், இணையத்தைத் துண்டித்துவிட்டு, வன்தட்டை முழுமையாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, நிம்மதியாக ஓட்டுங்கள். விதியை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐப் பழைய கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லும் கடைக்காரரிடம், அடுத்த பெரிய திருத்தம் வரும்போது கணினி மக்கர் செய்தால் அவர் பொறுப்பேற்பாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

தமிழக அரசு தன் 2025–26 வரவு-செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ அளிக்கப்போவதாக அறிவித்தது. இருபது லட்சம் கணினி வாங்குகிறவரின் சொல்லுக்கு எந்தக் கம்பெனியும் செவி சாய்க்கும். எத்தனை ஜி.பி., எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் என்றெல்லாம் ஒப்பந்தப்புள்ளியில் கேட்கும் அதிகாரிகள், இந்தக் கணினிக்கு எந்த ஆண்டு எந்த மாதம் வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும் என்ற ஒரு வரியையும் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.